கிளஸ்டரை மலை முழுவதும் விரிக்கலாமா?

நீலகிரியில் ஒரு பசுந்தேயிலைத் தொழிற்சாலையோ, நான்கைந்து ஊர்களில் கிளை வைத்திருக்கும் கூட்டுறவுச் சங்கமோ தன் மென்பொருள்களைச் சொந்தக் கணினிகளில் ஓட்டுவது என்று முடிவெடுத்தால், குபெர்னெட்டிஸ் என்ற மென்பொருள் ஒன்றாக நிர்வகிக்கும் கணினிக் கூட்டத்தை, அதாவது குபெர்னெட்டிஸ் கிளஸ்டர் ஒன்றை, அமைத்துவிடுங்கள் என்பதே இப்போதெல்லாம் முதலில் கிடைக்கும் ஆலோசனையாக இருக்கிறது. அதில் பெரிய பிழை இல்லை. அதையொட்டி வரும் இரண்டாவது ஆலோசனைதான் வம்பு. ஊட்டியில் ஒரு சர்வர், குன்னூரில் ஒன்று, கூடலூரில் ஒன்று என வைத்து மூன்றையும் ஒரே கிளஸ்டராகக் கட்டிவிட்டால், ஓரிடத்தில் கரண்ட் போனாலும் மற்ற இரண்டும் தாங்கிக்கொள்ளும் என்கிறார்கள். கேட்க நியாயமாகப் படும் இந்த ஏற்பாடு, எந்த நாளுக்காகக் கிளஸ்டர் அமைக்கிறோமோ அந்த நாளில்தான் நம்மைக் கைவிடும். அதற்கான காரணம் குபெர்னெட்டிஸின் உள்ளமைப்பிலேயே இருப்பதால், அந்த அமைப்பைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கன்டெய்னர் என்பது ஒரு மென்பொருளையும் அது ஓடத் தேவைப்படும் கோப்புகளையும் ஒரே கட்டாகக் கட்டி, லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னல் தரும் தடுப்புகளுக்குள் வைத்து ஓட்டும் முறை. 2013-இல் டாக்கர் என்ற கருவி வெளிவந்த பிறகு இது சாதாரண அலுவலகங்களுக்கும் எட்டியது. கணினி ஒன்றுதான் என்றால் டாக்கரோடு நிறுத்திக்கொள்ளலாம். கணினிகள் பெருகும்போது, எந்தக் கன்டெய்னர் எதில் ஓடுவது, ஒரு கணினி நின்றுபோனால் அதிலிருந்த வேலையை எதற்கு மாற்றுவது, சேவை நிற்காமல் புதிய பதிப்பை எப்படி ஏற்றுவது என்பவற்றை யாராவது ஒருவர் இரவும் பகலும் முடிவு செய்துகொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையை ஒரு மென்பொருளிடம் ஒப்படைப்பதுதான் கன்டெய்னர் கிளஸ்டரின் நோக்கம்.

கூகுள் நிறுவனம் தன் தரவு மையங்களில் போர்க் என்ற உள் அமைப்பைப் பல ஆண்டுகள் நடத்திப் பெற்ற அனுபவத்திலிருந்து, 2014 ஜூனில் குபெர்னெட்டிஸைத் திறந்த மூல மென்பொருளாக அறிவித்தது. 2015 ஜூலையில் 1.0 பதிப்பு வெளியானபோதே, லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் அமையவிருந்த கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷனிடம் அதை ஒப்படைப்பதாகவும் கூகுள் சொல்லிவிட்டது. இந்தப் பிறப்பிடம் நமக்கு முக்கியம். 5,000 நோடுகள் (கிளஸ்டரில் உள்ள கணினிகள்), 1,50,000 பாடுகள் (சேர்ந்து ஓடும் கன்டெய்னர்களின் சிறு தொகுதிகள்) வரை தாங்க வேண்டும் என்ற இலக்கோடு வளர்ந்த இந்த மென்பொருள், ஒரு கணினி கெட்டுப்போவதை அன்றாட நிகழ்ச்சியாகவே எதிர்பார்க்கிறது. ஆனால் கணினிகளுக்கு இடையில் உள்ள வலையமைப்பு வேகமானது, அனைத்தும் ஒரே கூரைக்கடியில் இருக்கின்றன, கரண்ட் போனால் ஜெனரேட்டர் பிடித்துக்கொள்ளும் என்பவற்றை அது சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது.

மலையில் நிலைமை தலைகீழ். கணினி எப்போதாவதுதான் கெடுகிறது. கரண்டும் இணைய லைனும் அடிக்கடி போகின்றன, பல சமயம் சேர்ந்தே போகின்றன. மின்கம்பமும் ஃபைபர் கேபிளும் சாலையை ஒட்டியே செல்லும் இடங்களில் ஒரு கற்பூர மரம் சாய்ந்தால், போக்குவரத்து, மின்சாரம், இணையம் மூன்றும் ஒரே நேரத்தில் நிற்கும். மழையும் இரண்டு பக்கமாக வருகிறது. தென்மேற்குப் பருவத்தில் அவலாஞ்சி, நடுவட்டம், கூடலூர், பந்தலூர் பக்கம் அடிபடுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. வடகிழக்குப் பருவத்தில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம் அடிபடுகிறது. 2009 நவம்பரில் நேர்ந்த மண்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆகவே மாவட்டத்தின் எந்த மூலையும் ஆண்டில் ஏதோ ஒரு பருவத்தில் துண்டிக்கப்படக்கூடியது என்று கொண்டுதான் திட்டமிட வேண்டும்.

பெரும்பான்மைக் கணக்கு

குபெர்னெட்டிஸிடம் நாம் கட்டளை இடுவதில்லை. எது எப்படி இருக்க வேண்டும் என்று யாமல் என்ற வடிவில் அமைந்த உரைக்கோப்பில் எழுதித் தருகிறோம். ரசீது அச்சிடும் மென்பொருளுக்கு இரண்டு பாடுகள் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு மெமரி என்று எழுதிக் கொடுத்தால், அந்த நிலைக்கும் உள்ள நிலைக்கும் இடையிலான வித்தியாசத்தை அது ஓயாமல் சரிசெய்துகொண்டே இருக்கும். தோட்டத்தில் நிரைக்கு ஆள் பிரித்துவிடும் மேஸ்திரியின் வேலை போன்றது இது. எந்த நிரைக்கு எத்தனை பேர் என்ற கணக்கு அவர் கையில் இருக்கிறது; ஒருவர் குறைந்தால் இன்னொருவரை நிறுத்துவார்; குறைந்தவர் ஏன் வரவில்லை என்று விசாரிப்பது அவர் பொறுப்பில் இல்லை.

அந்தக் கணக்கு எட்சிடி என்ற தரவுதளத்தில் இருக்கிறது. அதைத் தொடுவதற்கு, கோரிக்கைகளைப் பெறும் வாயிலான ஏபிஐ சர்வர் ஒன்றே வழி. புதிய பாட் எந்த நோடில் ஓட வேண்டும் என்பதை ஷெட்யூலர் தீர்மானிக்கிறது. எண்ணிக்கை குறைந்தால் கூட்டுவது கன்ட்ரோலர்களின் வேலை. ஒவ்வொரு நோடிலும் குப்லெட் என்ற சிறு நிரல் உட்கார்ந்து, தனக்கு ஒதுக்கப்பட்ட பாடுகளை ஏபிஐ சர்வரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, கன்டெய்னர்டி போன்ற இயக்கியைக் கொண்டு அவற்றை ஓட்டுகிறது. இதில் எட்சிடி சரியாக இருக்கும் வரை மற்ற எதையும் மீட்டுவிடலாம். எட்சிடி போய்விட்டால் கிளஸ்டர் என்று ஒன்று இல்லை. தனித்தனிக் கணினிகள்தான் மிச்சம்.

அதனால்தான் எட்சிடியை மூன்று அல்லது ஐந்து கணினிகளில் பிரதி எடுத்து வைக்கிறார்கள். பிரதிகளுக்குள் முரண்பாடு வராமல் காப்பது ராஃப்ட் என்ற ஒப்பந்த முறை. எந்தப் பதிவும் பெரும்பான்மை உறுப்பினர்களின் வட்டில் எழுதப்பட்ட பிறகே செல்லுபடியாகும். மூன்று பேர் இருந்தால் இருவர் வேண்டும், ஒருவரை இழக்கலாம். ஐந்து பேர் இருந்தால் மூவர் வேண்டும், இருவரை இழக்கலாம். இரண்டே பேர் இருந்தால் இருவருமே வேண்டும். ஆகவே ஊட்டியில் ஒன்று, குன்னூரில் ஒன்று என இரண்டு கணினிகளில் எட்சிடி வைப்பது, ஒரே கணினியில் வைப்பதைவிட மோசமானது, ஏனென்றால் இரண்டில் எது போனாலும் எல்லாம் நின்றுவிடும். இந்தக் கணக்கைச் சொன்ன பிறகும் இரண்டு சர்வருக்கு மட்டும் பட்ஜெட் ஒதுக்கும் நிர்வாகங்கள் உண்டு.

எட்சிடியின் தலைமை உறுப்பினர் இயல்பமைப்பில் 100 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை மற்றவர்களுக்குத் தான் இயங்குவதை அறிவிக்கும் துடிப்பு அனுப்புகிறார். 1,000 மில்லிசெகண்டு அளவுக்குத் துடிப்பு வராவிட்டால் மற்றவர்கள் புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்கத் தொடங்குவார்கள். ஊட்டிக்கும் கூடலூருக்கும் சாலை வழியில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். நேரான ஃபைபர் இருந்தால் ஒளி அந்தத் தூரத்தை ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடும். ஆனால் இரண்டு ஊர்களிலும் நாம் வாங்குவது சாதாரண பிராட்பேண்ட். சேவை நிறுவனத்தின் மையம் சமவெளியில் இருந்தால், அடுத்த மலையிலிருக்கும் கணினிக்குப் போக வேண்டிய தகவலும் கீழே இறங்கி, மீண்டும் மேலே ஏறித்தான் வர வேண்டும். சராசரி நேரம் பரவாயில்லை என்று தோன்றினாலும், மழை நாளில் தகவல் பொட்டலங்கள் தொலையத் தொடங்கியதும் தேர்தல் மேல் தேர்தலாக நடந்துகொண்டிருக்கும், ஒரு பதிவும் உள்ளே போகாது. துடிப்பு இடைவெளியைக் கூட்டி வைக்கலாம்; கூட்டினால் உண்மையிலேயே ஒரு கணினி விழுந்ததைத் தெரிந்துகொள்ளவும் அவ்வளவு தாமதமாகும்.

தாமதத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். துண்டிப்பு நேரும்போது நடப்பதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. மூன்று ஊர் கிளஸ்டரில், ஜூலை மாதத்து மழையில் நடுவட்டம் அருகே மரம் விழுந்து கூடலூர் லைன் அறுந்துவிட்டது என்று கொள்வோம். கூடலூரின் குப்லெட் 10 விநாடிக்கு ஒரு முறை தான் உயிரோடிருப்பதைப் பதிவு செய்ய வேண்டும். அது இப்போது போய்ச் சேரவில்லை. 40 விநாடிகளில், புதிய பதிப்புகளில் 50 விநாடிகளில், ஊட்டிப் பக்கம் அந்த நோடைத் தயாரில்லை என்று குறிக்கிறது. அதன் பிறகு 300 விநாடிகள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அங்கிருந்த பாடுகளை நீக்கப்பட்டவையாகக் கருதி, அந்த ஊருக்கென்று கட்டிப்போடப்படாதவற்றுக்கு ஊட்டியிலோ குன்னூரிலோ மாற்றுப் பாடுகளை எழுப்புகிறது. கூடலூரில் ஓடிக்கொண்டிருந்த பாடுகளுக்கோ நிற்கச் சொல்லி எந்தத் தகவலும் வரவில்லை. அவை பாட்டுக்கு ஓடுகின்றன. ஒரே வேலையை இரண்டு இடங்களில் இரண்டு பிரதிகள் செய்துகொண்டிருக்கும் நிலை இது. பார்க்க மட்டும் இருக்கும் இணையப் பக்கம் என்றால் பாதகமில்லை. எடை போட்டுப் பதிவெழுதும் மென்பொருள் என்றால் கணக்கு இரண்டாகும். தரவுதளம் போன்றவற்றை ஸ்டேட்ஃபுல்செட் என்ற வகையில் அமைத்திருந்தால் குபெர்னெட்டிஸ் இரண்டாவது பிரதியை எழுப்பாமல் காத்திருக்கும்; அந்தக் காத்திருப்புக்கு முடிவு, லைன் திரும்புவதாகவோ ஒரு மனிதர் வந்து தீர்மானிப்பதாகவோதான் இருக்கும்.

இதுவரைகூடச் சமாளித்துவிடலாம். அடுத்து கூடலூரில் கரண்டும் போகிறது. இன்வெர்ட்டர் சில மணி நேரம் தாங்கிவிட்டு ஓய்கிறது. மாலையில் கரண்ட் வருகிறது, லைன் இன்னும் வரவில்லை. கணினி தானாக எழுகிறது, லினக்ஸ் எழுகிறது, குப்லெட்டும் எழுகிறது. எழுந்த குப்லெட்டுக்குத் தன் பொறுப்பில் எந்தெந்தப் பாடுகள் என்பது நினைவில் இருப்பதில்லை. ஏபிஐ சர்வரைக் கேட்கிறது. அதே கணினியில் இருக்கும் ஏபிஐ சர்வர் எட்சிடியைக் கேட்கிறது. எட்சிடியின் அந்த உறுப்பினரிடம் தரவு முழுவதும் இருக்கிறது. ஆனாலும் பெரும்பான்மை இல்லாததால் விடை தர மறுக்கிறது. விளைவு, நல்ல நிலையில் உள்ள கணினி, அதன் வட்டிலேயே உள்ள மென்பொருள், அதன் அருகிலேயே உள்ள தராசு எல்லாம் இருந்தும் ஒரு பாடும் எழவில்லை. இலை எடை போடும் நிலையத்தில் இருப்பவர் போனில் சொல்வது இப்படித்தான் இருக்கும்: "அண்ணா, மெஷின்ல பச்சை லைட் எரியுது, தராசும் ஓடுது, ரசீதுதான் வரமாட்டேங்குது." வெளியே சாக்குகளில் பசுந்தேயிலையோடு விவசாயிகள் நிற்கிறார்கள். பறித்த இலையைச் சாக்கிலேயே வைத்திருந்தால் அது சூடேறிக் கெடும்.

ராஃப்ட் இதில் தவறேதும் செய்யவில்லை. பாதி உலகம் தெரியாத நிலையில் முடிவெடுக்காமல் இருப்பதே அதன் கடமை. நம் தேவையை அதனிடம் பொருத்திய விதத்தில்தான் பிழை. கூடலூர் தனித்து விடப்படும் நாளில் கூடலூர் தனித்து இயங்க வேண்டும் என்பது நம் தேவை. மூவரில் இருவர் சேராமல் எதுவும் நடக்கக் கூடாது என்பது அதன் விதி.

ஓர் அறைக்கு ஒரு கிளஸ்டர்

என் கருத்தில், மலைக்குப் பொருந்தும் அமைப்பு இதுதான்: ஒரு கிளஸ்டர் ஒரே கட்டடத்துக்குள், ஒரே சுவிட்சில் அடங்க வேண்டும். தலைமை அலுவலகத்தில் மூன்று கணினிகள் கொண்ட முழுக் கிளஸ்டர் இருக்கட்டும். அங்கே கணினி ஒன்று கெட்டால் மற்ற இரண்டும் பார்த்துக்கொள்ளும், ராஃப்ட் தன் வேலையைச் சரியாகச் செய்யும். கிளை ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கணினியில் தனிக் கிளஸ்டர் இருக்கட்டும். கிளைக் கிளஸ்டர் தலைமையகத்தின் உறுப்பு ஆகாது. அதற்குத் தன் சொந்த ஏபிஐ சர்வர், சொந்தத் தரவுதளம், சொந்தக் குப்லெட். லைன் இல்லாமல் கரண்ட் மட்டும் வந்தாலும் கேட்க வேண்டியதைத் தன்னிடமே கேட்டுக்கொண்டு அது எழுந்துவிடும்.

ஒற்றைக் கணினிக்கு எதற்குக் குபெர்னெட்டிஸ் என்ற கேள்வி நியாயமானது. கிளை ஒன்றே ஒன்று, அதில் ஓடுவது இரண்டு கன்டெய்னர் என்றால் சில கன்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் டாக்கர் கம்போஸ் என்ற கருவி போதும். அதை விட்டுவிட்டுக் குபெர்னெட்டிஸுக்குப் போவது வீண் வேலை. நீலகிரியில் இண்ட்கோசர்வ் கூட்டமைப்பின் கீழ் மட்டும் 16 கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஒரு தொழிற்சாலைக்கு இலை வருவது பல ஊர்களிலிருந்து. அந்த அளவில், அல்லது அதில் பாதி அளவில், ஒரே யாமல் கோப்பை எல்லா இடங்களிலும் மாற்றமில்லாமல் ஓட்ட முடிவது பெரிய வசதி. தலைமையகத்தில் சோதித்த அதே வடிவம் பந்தலூரிலும் மஞ்சூரிலும் ஓடுகிறது என்ற உறுதி, ஐந்தாவது கிளைக்குப் பிறகு விலைமதிப்புள்ளதாகிவிடுகிறது.

கிளைக்கு ஏற்றது கே3எஸ். ராஞ்சர் லேப்ஸ் 2019-இல் வெளியிட்டு, 2020-இல் கிளவுட் நேட்டிவ் ஃபவுண்டேஷனுக்கு அளித்த இந்தப் பதிப்பு, குபெர்னெட்டிஸின் பாகங்களை 100 எம்பிக்கும் குறைவான ஒரே நிரலாகச் சுருக்கியது. ஒற்றைச் சர்வராக நிறுவினால் எட்சிடிக்குப் பதிலாக எஸ்கியூலைட் என்ற சிறு தரவுதளத்தைப் பயன்படுத்துகிறது, ஆகவே பெரும்பான்மை என்ற பேச்சே எழுவதில்லை. இரண்டு கோர், 2 ஜிபி மெமரி என்பது அதன் குறைந்தபட்சத் தேவை. தரவுதளமும் அதே கணினியில் ஓடப் போகிறதென்றால் 8 ஜிபிக்குக் கீழே போக வேண்டாம். தலைமையகத்திலும் கே3எஸ்ஸையே உள்ளமைந்த எட்சிடியோடு மூன்று கணினிகளில் போடலாம், அல்லது குப்அட்மின் என்ற நிறுவும் கருவியைக் கொண்டு முழு அளவில் அமைக்கலாம். இரண்டு விதமாகப் பராமரிக்க ஆள் இல்லாத நிறுவனம் ஒன்றையே இரண்டு இடத்திலும் வைத்துக்கொள்வது நல்லது.

கிளைக் கிளஸ்டர்களுக்குப் புதிய பதிப்பை அனுப்புவதற்குத் தலைமையகத்திலிருந்து ஒவ்வொன்றாக உள்ளே நுழைய முயல்வது சரிவராது. பெரும்பாலான பிராட்பேண்ட், மொபைல் இணைப்புகளில் நமக்கென்று பொது முகவரி கிடைப்பதில்லை, வெளியிலிருந்து உள்ளே வர வழியும் இல்லை. திசையை மாற்றிவிட வேண்டும். என்ன ஓட வேண்டும் என்பதை, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் களஞ்சியம் ஒன்றில் எழுதி வைத்துவிட்டு, அதைப் படித்துக் கிளஸ்டரில் செயல்படுத்தும் ஃப்ளக்ஸ் அல்லது ஆர்கோ சிடி என்ற கருவியைக் கிளையிலேயே ஓட்டினால், லைன் இருக்கும்போது கிளை தானே வந்து பார்த்து, மாற்றம் இருந்தால் எடுத்துக்கொள்ளும். மூன்று நாள் துண்டிக்கப்பட்டிருந்தாலும் நான்காம் நாள் அதுவாகவே வரிசைக்கு வந்துவிடும். குபெர்னெட்டிஸின் இயல்பே வேண்டிய நிலையை நோக்கி நகர்வதுதான் என்பதால், இந்த முறை அதோடு ஒட்டிப் போகிறது.

இதில் கிளஸ்டரால் தீர்க்க முடியாத ஒரு பகுதி உண்டு, அதை மென்பொருள் எழுதுபவர்தான் தீர்க்க வேண்டும். கிளை தனியாக இயங்கும் நேரத்தில் போட்ட ரசீதுகள் உள்ளூர் போஸ்ட்கிரெஸ் தரவுதளத்தில் சேர்ந்து, லைன் வந்ததும் தலைமையகத்துக்குப் போக வேண்டும். ரசீது எண்ணைத் தலைமையகம்தான் தரும் என்று எழுதப்பட்ட மென்பொருள் அந்த இடத்திலேயே முடங்கும். கிளைக் குறியீட்டோடு சேர்ந்த எண்ணைக் கிளையே கொடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே ரசீது இரண்டு முறை வந்து சேர்ந்தாலும் தலைமையகம் அதை ஒன்றாகவே பதிய வேண்டும். அனுப்பியதற்கான ஒப்புகை பாதி வழியில் தொலைவது மலையில் அபூர்வமானதல்ல, ஆகவே இரண்டாம் முறை அனுப்புதல் நிச்சயம் நடக்கும்.

கன்டெய்னர் படிமங்களையும், அதாவது கன்டெய்னர் எழுவதற்கான கோப்புக் கட்டுகளையும், கிளையிலேயே வைத்துவிட வேண்டும். 500 எம்பி படிமத்தை மழைக்கால மொபைல் இணைப்பில் இறக்கக் காத்திருந்தால் பொழுது விடிந்துவிடும். கே3எஸ்ஸில் படிமங்களைக் கோப்பாக்கி அதற்குரிய அடைவில் போட்டு வைத்தால், தொடங்கும்போதே ஏற்றிக்கொள்ளும். படிமத்தின் பெயரில் பதிப்பு எண்ணைத் துல்லியமாகக் குறிப்பதும் அவசியம். "லேட்டஸ்ட்" என்று விட்டுவைத்தால், பாட் எழும் ஒவ்வொரு முறையும் குபெர்னெட்டிஸ் இணையத்தில் போய்ச் சரிபார்க்க முயலும்; இணையம் இல்லாவிட்டால், படிமம் வட்டில் இருந்தும் பாட் எழாமல் நிற்கும்.

கரண்ட் வந்த பிறகு

கிளஸ்டரின் தரம் கரண்ட் போகும்போது தெரிவதைவிட, வரும்போது நன்றாகத் தெரிகிறது. யூபிஎஸ் இருக்கிறது என்ற நிம்மதியில் பலர் இதை யோசிப்பதில்லை. யூபிஎஸ் தரும் பதினைந்து நிமிடங்களின் முதல் பயன், கணினியை முறையாக அணைப்பதே. யூபிஎஸ்ஸிலிருந்து தகவல் கேபிளைக் கணினிக்கு இழுத்து, பேட்டரி குறைந்ததும் தானாக அணையும்படி செய்ய வேண்டும். அப்போது குப்லெட் பாடுகளை ஒழுங்காக நிறுத்தக் காலம் ஒதுக்கும் வசதி இருக்கிறது. ஆனால் அந்தக் காலம் இயல்பமைப்பில் சுழியம். நாமாக ஒரு மதிப்பைக் கொடுக்காதவரை அந்த வசதி இருந்தும் இல்லாததுதான்.

முறையாக அணையாமல் போன கணினி எழும்போது நடப்பதைக் கிட்டத்தில் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். போஸ்ட்கிரெஸ் எழுந்ததும், விடுபட்ட பதிவுகளைத் தன் நாட்குறிப்பிலிருந்து மீட்டெழுதத் தொடங்குகிறது. அதற்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகலாம், அதுவரை யாருக்கும் பதில் சொல்லாது. இதற்கிடையில், உயிர்ச் சோதனை அமைத்திருந்தால், குப்லெட் அதை இயல்பமைப்பில் 10 விநாடிக்கு ஒரு முறை செய்கிறது. மூன்று முறை பதில் இல்லை என்றால், அதாவது அரை நிமிடத்தில், பாட் செத்துவிட்டது என்று முடிவு கட்டி அதை நிறுத்தி மீண்டும் தொடங்குகிறது. போஸ்ட்கிரெஸ் மீட்புப் பணியை முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. மறுபடி அரை நிமிடம், மறுபடி நிறுத்தம். ஒவ்வொரு தோல்விக்கும் இடைவெளி 10, 20, 40 விநாடி என இரட்டித்து ஐந்து நிமிடம் வரை நீள்கிறது. திரையில் கிராஷ்லூப்பேக்ஆஃப் என்ற சொல் மட்டும் நிற்கும். பார்ப்பவர் தரவுதளம் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பழைய பேக்கப்பைத் தேடப் போவார். உண்மையில் அதற்குத் தேவைப்பட்டது மூன்று நிமிட அமைதிதான். தொடக்கச் சோதனை என்று தனியாக ஒன்று உண்டு. அதில் 60 முயற்சி, ஒவ்வொன்றுக்கும் 10 விநாடி என்று கொடுத்தால், பத்து நிமிடம் வரை உயிர்ச் சோதனை குறுக்கே வராது.

வட்டு விஷயத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. எட்சிடி ஒவ்வொரு பதிவையும் வட்டில் உறுதியாக எழுதிய பிறகே நகர்கிறது. அந்த எழுத்து பெரும்பாலும் 10 மில்லிசெகண்டுக்குள் முடிய வேண்டும் என்பது பொது அளவுகோல். எஸ்டி கார்டில் இது நடக்காது, ஓராண்டுக்குள் கார்டும் தேய்ந்துபோகலாம். மலிவான எஸ்எஸ்டிகளில் சில, எழுதிவிட்டேன் என்று சொல்லிவிட்டுத் தற்காலிக நினைவிலேயே வைத்திருக்கும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் தரவுதளம் சிதையும். கரண்ட் போனாலும் எழுதி முடிக்கும் மின்தேக்கியோடு வரும் எஸ்எஸ்டிகள் கிடைக்கின்றன. இரண்டு மடங்கு விலை கொடுத்தாலும் அதையே வாங்க வேண்டும்.

கடிகாரமும் கவனிக்க வேண்டியது. ராஸ்பெர்ரி பை போன்ற சிறு பலகைகளில் பேட்டரியோடு கூடிய கடிகாரம் இருப்பதில்லை. லைன் இல்லாமல் எழுந்தால், கடைசியாக அணைந்தபோது குறித்து வைத்த நேரத்திலிருந்துதான் அவை எண்ணத் தொடங்கும். மூன்று நாள் பின்தங்கிய தேதியில் ரசீது விழும். கணினிகள் ஒன்றையொன்று அடையாளம் காண நேற்று வழங்கிய சான்றிதழ், இன்னும் செல்லுபடியாகும் நாள் வரவில்லை என்று நிராகரிக்கப்படும். சிறு கடிகாரப் பலகை ஒன்றைச் சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

குளிர் ஊர் என்பதால் ஏசி வேண்டாம் என்பது பாதி உண்மை. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு, ஆகவே விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் எடுத்துச் செல்லும் வெப்பம் குறைவு. சுற்றுப்புறக் குளிர் அந்தக் குறையை ஈடுகட்டிவிடுகிறது. ஈடுகட்ட முடியாதது ஈரம். குளிர்ந்து கிடக்கும் கணினியின் மேல் மஞ்சுக் காற்று படும்போது பலகையில் நீர் கோத்துக்கொள்ளும். சர்வரை இரவு பகலாக ஓடவிடுவதுதான் எளிய காப்பு. நீண்ட நேரம் அணைந்து கிடந்திருந்தால், பெட்டியைத் துடைத்து, உலர்ந்த காற்றில் சற்று வைத்துவிட்டு எழுப்புவது நல்லது.

பேக்கப் என்றதும் எட்சிடியின் படப்பிடிப்பையே, அதாவது ஒரு நேரத்து நிலையை அப்படியே நகலெடுத்த கோப்பையே, எல்லோரும் நினைக்கிறார்கள். உள்ளமைந்த எட்சிடியோடு கே3எஸ் ஓடினால், இயல்பாகவே 12 மணி நேரத்துக்கு ஒன்றாக எடுத்துக் கடைசி ஐந்தை வைத்துக்கொள்ளும். அந்தப் படப்பிடிப்பில் என்ன ஓட வேண்டும் என்ற வரையறை இருக்கிறது. விவசாயிகளின் எடைக்கணக்கு இல்லை. அது போஸ்ட்கிரெஸின் வட்டில் இருக்கிறது, அதற்குத் தனி பேக்கப் வேண்டும், அது வேறு ஊருக்குப் போய்ச் சேர வேண்டும். படப்பிடிப்பை வேறொரு கணினியில் மீட்டெடுக்க, முதலில் நிறுவியபோது உருவான சர்வர் டோக்கன் என்ற ரகசியக் குறியீடு தேவை. கோப்பு பத்திரமாக இருந்து டோக்கன் தொலைந்திருந்தால் மீட்பு நின்றுவிடும், ஆகவே டோக்கனை அச்சிட்டு, பணப்பெட்டி இருக்கும் அலமாரியிலேயே வைக்கலாம். கடவுச்சொற்களைக் குபெர்னெட்டிஸ் வைத்திருக்கும் சீக்ரெட்டுகள் இயல்பமைப்பில் மறைகுறியாக்கப்படுவதில்லை, படிக்கக்கூடிய வடிவில்தான் இருக்கின்றன. படப்பிடிப்புக் கோப்பு கையில் கிடைத்தவருக்குக் கடவுச்சொற்களும் கிடைத்த மாதிரிதான் என்பதை நினைவில் வைத்து அதைப் பாதுகாக்க வேண்டும்.

தனித்தனிக் கிளஸ்டர்கள் என்ற அமைப்புக்கு ஒரு விலை உண்டு, அது பராமரிப்பு. குபெர்னெட்டிஸ் ஆண்டுக்கு மூன்று பதிப்புகளை வெளியிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 14 மாதங்கள் வரைதான் திருத்தங்கள் கிடைக்கும். ஏபிஐ சர்வர், ஷெட்யூலர் முதலியவை அடங்கிய கட்டுப்பாட்டுப் பகுதியை ஒரு படி விட்டு அடுத்த படிக்குத் தாவ முடியாது, ஒவ்வொன்றாகத்தான் ஏற வேண்டும். குப்லெட் ஏபிஐ சர்வரைவிட மூன்று படி வரை பின்தங்கலாம், முந்தக் கூடாது. குப்அட்மின் வழங்கும் சான்றிதழ்கள் ஓராண்டில் காலாவதியாகும். மேம்படுத்தினால் புதுப்பிக்கப்படும், மேம்படுத்தாமல் விட்டால் ஒரு நாள் காலையில் கிளஸ்டர் யாரோடும் பேசாது. கே3எஸ், காலாவதிக்குச் சில மாதங்களே இருக்கும் நிலையில் மறுதொடக்கம் செய்யப்பட்டால் தானே புதுப்பித்துக்கொள்கிறது, ஆகவே கரண்ட் அடிக்கடி போகும் கிளைகளில் இந்தச் சிக்கல் தலைகாட்டுவதே இல்லை. மின்வெட்டால் விளைந்த ஒரே நன்மை என்று இதைச் சொல்லலாம். கிளைகளைக் கவனிக்கும் எச்சரிக்கையும் தலைகீழாக அமைய வேண்டும். கெட்டுப்போனால் சொல் என்று கிளையிடம் கேட்பதில் பயனில்லை. நன்றாக இருக்கிறேன் என்று அது கால் மணிக்கு ஒரு முறை சொல்லட்டும், சொல்லாமல் விட்டால் தலைமையகம் மணியடிக்கட்டும்.

மேம்படுத்துவதற்கு உகந்த காலம் உறைபனிக் காலம். ஜனவரியில் கொழுந்து கருகி இலை வரத்து குறைந்திருக்கும், மழை இல்லை, லைனும் ஓரளவு நிலையாக இருக்கும். தலைமையகத்தின் மூன்று கணினிகளில் ஒன்றிலிருந்து பாடுகளை அகற்றி, மேம்படுத்தி, மீண்டும் சேர்த்து, அடுத்ததற்குப் போகலாம், சேவை நிற்காது. கிளையில் ஒற்றைக் கணினிதான் என்பதால் அங்கே அரை மணி நேரம் நிறுத்தியே ஆக வேண்டும், ஆகவே இலை எடை முடிந்த மாலையில்தான் அதைத் தொட வேண்டும். முதலில் சாலை வசதியும் ஆள் துணையும் உள்ள ஒரு கிளை, ஒரு வாரம் கழித்து மற்றவை, பந்தலூர் போல நேரில் போய்ச் சேரவே பாதி நாள் பிடிக்கும் இடங்கள் கடைசியில் என்று வரிசை வைத்து, பிப்ரவரிக்குள் முடித்துவிட்டால், கோடை மழைக்குப் பின் இலை பெருகும் மாதங்களிலும் அதையடுத்து வரும் தென்மேற்குப் பருவத்திலும் யாரும் கிளஸ்டரைத் தொட வேண்டியிருக்காது.